விற்குமுன் வீட்டைப் பார்த்தோம்

மலராசிரியர் எமக்கு வரைந்த மடலில், கல்லூரி நாட்களைப் பற்றியோ எமது ஆசிரியப் பணியைப் பற்றியோ ஒரு கட்டுரை எழுதியனுப்புமாறு பணித்திருந்தார். கல்லூரி நாட்களைப் பற்றி எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். விடுதியில் எமக்கு அடுத்த கட்டிலிற் கிடந்தவரே இம்மலரில் எழுதுகின்றார் என அறிகின்றோம்; அவர் எழுதுவதை நாம் மறுக்கவும், நாம் எழுதுவதை அவர் மறுக்கவும் நேரிடும். ஆசிரியப் பணியைப் பற்றி எழுதினாலோ எம்மிடம் கணிதம் பயின்றவர்கள் மறுப்பெழுதுவர். ஆதலின் சென்ற இரண்டு ஆண்டுகளாக எமது சிந்தையை முற்றாக ஆட்கொண்டிருந்த ஒரு பொருளைப் பற்றியே எழுதத் துணிந்தோம். அஃதாவது, எமது வீட்டை விற்ற கதை. இன்னுஞ் செப்பமாகச் சொன்னால், விற்குமுன் அவ்வீட்டை நாமே பரிசோதித்த கதை.

இது மலருக்குரிய பொருளோ என்று சிலர் ஐயுறலாம். எம் வயதொத்த பழைய மாணவருட் பெரும்பாலார் இன்று ஏதோவொரு வீட்டை விற்றுக்கொண்டிருக்கின்றனர்; அல்லது விற்பதா விடுவதா என்று மனைவியோடு வாதாடிக்கொண்டிருக்கின்றனர். யாழ்ப்பாணத்துக் கல்வீட்டை ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் அற்றோணித் தத்துவங் கொடுத்து விற்போர் எத்தனை பேர்! அவர்கள் அவ்வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்து முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கும். ஷெல் விழுந்த வெடிப்பைப் பின்னர் யார் பூசினார், எதனாற் பூசினார் என்பதை அவர்கள் அறியார். ஆகவே இப்பொருள் எமக்கு மட்டும் உரியதன்று.

எமது வீடு இருந்தது யாழ்ப்பாணத்தில் அன்று; உடப்புசல்லாவையில். நுவரெலியாவுக்குக் கிழக்கே, இராகலைக்கும் அப்பால், தேயிலை மலைகளின் நடுவே கிடக்கும் சிறு பட்டினம் அது. தேயிலை வியாபாரிகள் இப்பெயரை ஒரு தேயிலைப் பிரதேசத்தின் பெயராக அறிவர். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ஓடிய ஒடுங்கிய றெயில் பாதைக்கும் எம்மூர்ப் பெயரையே இட்டிருந்தனர். 1904ஆம் ஆண்டில் இராகலையை அடைந்த அப்பாதை, அதற்கப்பால் ஓர் அடியும் வராமல் 1948இல் மூடப்பட்டது. ஊரின் பெயரை வாங்கிக்கொண்டு ஊருக்கு வராமலே போன றெயில் அது.

1975இல் ஆசிரிய நியமனம் பெற்று இம்மலைக்கு வந்தோம். இரண்டு ஆண்டில் மாற்றம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவதாக அன்னையிடம் வாக்களித்து வந்தோம். வாக்குப் பொய்த்தது. 1987ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் பட்டினத்தின் மேற்கோடியில், 14 பேர்ச் காணியில் கட்டப்பட்ட ஒரு வீட்டை வாங்கினோம். ஆவணி என்பதை வாசகர் நினைவிற் கொள்க. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையிற் பெரும்பகுதியை மேற்கு மலைகளிற் சொரிந்துவிட்டு, எம்மூர்ப் பக்கம் வறண்ட காற்றாகவே வருகின்றது. ஆடியும் ஆவணியும் தேயிலைக்கு மணம் ஏறும் மாதங்கள். வானம் தெளிந்திருக்கும், முற்றத்தில் நின்றாற் பத்து மலைகள் தெரியும். எம்மூரின் பெருமழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களுக்குரியது. நாம் வீட்டைப் பார்த்தது வெயிலில். அதிலும், பார்த்தது வீட்டை அன்று, முற்றத்திலிருந்து தெரிந்த மலைகளையே.

நொத்தாரிசு காணியின் உறுதிகளை முப்பது ஆண்டுகளுக்குப் பின்னோக்கித் தேடினார். ஈடு, உரித்து, எல்லை யாவும் சரியாயிருந்தன. வீட்டின் பின்சுவருக்கு மூன்று அடி பின்னால் என்ன இருக்கின்றது என்பதை ஒருவரும் தேடவில்லை. விற்றவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. நாமும் ஒன்றுங் கேட்கவில்லை.

முதுமையும் குளிரும் சேர்ந்து நெருக்க, 2024ஆம் ஆண்டில் வீட்டை விற்றுக் கொழும்பில் மகனோடு இருப்பதென முடிவு செய்தோம். அக்காலத்தில் ஸ்கொத்லாந்தில் வாழும் எம் மகளும் தன் சிறு வீட்டை விற்றுக்கொண்டிருந்தாள். அங்கே 2008ஆம் ஆண்டு மார்கழி முதலாந் திகதி தொட்டு, வீட்டை விற்பவர் விளம்பரம் செய்யுமுன்னரே தகுதி பெற்ற அளவையாளர் ஒருவரைக் கொண்டு வீட்டைப் பரிசோதிப்பித்து, அவ்வறிக்கையைக் கேட்போர்க்குக் காட்டல் வேண்டும் என்பது சட்டம். கூரை, சுவர், ஈரம், மரம், குழாய் என ஒவ்வொன்றுக்கும் 1, 2, 3 என இலக்கமிடுவர். ஒன்று என்றால் இப்போது கைவைக்க வேண்டியதில்லை. இரண்டு என்றாற் பின்னர் கவனிக்க வேண்டும். மூன்று என்றால் உடனே திருத்த வேண்டும். இங்கிலாந்தில் 2007இல் இதுபோன்றதொரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்து, 2010இல் நிறுத்திவிட்டனர். ஆங்கே வாங்குபவன்தான் கண்விழித்திருத்தல் வேண்டும் போலும். 1867இல் லூல்கந்துர தோட்டத்திற் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொத்லாந்துக்காரர்; எம் மலைகளை வெட்டித் திருத்திய துரைமாருட் பலரும் அந்நாட்டவரே. அவர்கள் நாட்டு வழக்கமொன்றை அவர்கள் மலையிலே பரீட்சித்துப் பார்த்தாலென்ன என்ற எண்ணம் எமக்கு எழுந்தது. கணித ஆசிரியனுக்கு இலக்கமிடுதலில் ஓர் ஆசை உண்டன்றோ?

ஆனால் உடப்புசல்லாவையில் வீட்டைப் பரிசோதிப்பதையே தொழிலாகக் கொண்டவர் ஒருவருமில்லை. எனவே நாமே ஒரு குழுவைக் கூட்டினோம். எம் வீட்டில் நெடுங்காலமாக வேலை செய்த மேசன் பாஸ் ஒருவர், மின்சார வேலைக்காரர் ஒருவர், எம்மிடம் படித்துப் பொறியியலாளரான இளைஞர் ஒருவர், குறிப்புப் புத்தகத்தோடு நாம். நாள் குறித்தவர் பொறியியலாளர். “சேர், வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான், மழை பெய்யிறப்ப பாப்போம்” என்றார். கார்த்திகை மாதம், மூன்று நாட்களாக விடாத மழைக்கிடையே குடைபிடித்துக்கொண்டு பரிசோதனையைத் தொடங்கினோம்.

கூரையிலிருந்து கீழ்நோக்கி வந்தோம். தகரத்தில் ஆணியடித்த துளைகள் துருவேறி அகன்றிருந்தன. பீலியின் ஒரு பகுதி கழன்று, கூரைநீர் முழுவதும் வீட்டின் பின்மூலையில் நிலத்திலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அதன் ஓசையை இத்தனை ஆண்டுகளாக மழையின் ஓசை என்றே எண்ணி உறங்கினோம். மேற்கூரைக்குள் எலி மின்சாரக் கம்பியின் உறையைத் தின்றிருந்தது. அங்கே எம் மகள் எட்டாம் வகுப்பிற் தொலைத்ததாக அழுத கவராயப் பெட்டியும் கிடைத்தது. யன்னற் சட்டமொன்றைப் பாஸ் பேனாக்கத்தியாற் குத்தினார். கத்தி வெண்ணெயிற் புகுவதுபோற் புகுந்தது. வர்ணப்பூச்சுக்கு உள்ளே மரம் இல்லை, கறையான் விட்ட தூள்தான் இருந்தது. இவ்வாறு மாலைக்குள் 36 குறைகள் சேர்ந்தன. பெரும்பாலானவை 1, சில 2. மனத்துக்குச் சற்று நிறைவாகவே இருந்தது.

முப்பத்தேழாவது குறை குசினியின் பின்சுவரில் இருந்தது. படிக்கட்டுப்போல் ஏறிச்செல்லும் ஒரு வெடிப்பு. அதனை நாம் அறியாதவரல்லேம். ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்குமுன் அதைச் சீமெந்தால் நிரப்பி மறைப்பது எம் வீட்டு வழக்கம். பாஸ் உளியால் அவ்விடத்தைக் கொத்தினார். பூச்சின்மேற் பூச்சாக, மரத்தின் ஆண்டு வளையங்கள்போலப் பல படைகள் தெரிந்தன. நீல வெள்ளை, மஞ்சள் வெள்ளை என ஒவ்வொரு பொங்கலும் அங்கே இருந்தது. “நான்தானே சேர் வருசா வருசம் பூசுனேன், இது செவுத்துக்கு வந்த வருத்தம் இல்லீங்க, மண்ணுக்கு வந்த வருத்தம்” என்றார் அவர். இதனை ஏன் முன்னர் சொல்லவில்லை என்று சற்றுக் கடுமையாகவே கேட்டோம். “நீங்க பூசத்தானே சொன்னீங்க, பாக்கச் சொல்லலியே” என்றார். அதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை.

அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருள் விளங்கலாயிற்று. குசினியின் பின்கதவு இறுகிவிட்டதென்று மூன்று முறை சீவியிருந்தோம். கதவு வளரவில்லை, நிலைதான் சரிந்திருந்தது. பின்மேட்டைத் தாங்கிய கற்கட்டு நடுவில் வயிறு தள்ளியிருந்தது. அக்கற்கட்டிலே நீர் வடிவதற்கென்று கட்டியவன் விட்டிருந்த துளைகளைத் தவளையும் பாம்பும் வருகின்றன என்று சீமெந்து வைத்து அடைத்தவர் வேறு எவருமல்லர், நாமே. மேட்டின்மேல் நின்ற கிரவிலியா மரமொன்று அடியிற் சாய்ந்து, பின்னர் வானை நோக்கி வளைந்து நிமிர்ந்திருந்தது. மண் மெல்ல மெல்ல நகர, மரம் தன்னை நேராக்கிக்கொண்டே வந்திருக்கின்றது என்று பொறியியலாளர் விளக்கினார்.

மலைச்சரிவின் இயல்பும் அவர் வாயிலாகவே எமக்குத் தெளிவாயிற்று. கருங்கற் பாறையின்மேல், உக்கிய கல்லும் மேலிருந்து உருண்டுவந்து தங்கிய மண்ணுமாக ஒரு போர்வை கிடக்கின்றது. மழைநீர் அப்போர்வைக்குள் இறங்கிப் பாறையில் தடுபட்டு நிற்கும்போது, மண்துகள்களுக்கிடையில் நீரின் அழுத்தம் ஏறுகின்றது. துகளைத் துகள் பற்றியிருக்கும் பிடி தளர்கின்றது. வீடு கட்டுவதற்காகச் சரிவின் அடியை வெட்டி மட்டமாக்கும்போது, மேலுள்ள மண்ணுக்கு முண்டுகொடுத்த காலையே வெட்டிவிடுகின்றோம். அதன்மேற் கூரைநீரையும் அங்கேயே ஊற்றி, வடிதுளைகளையும் அடைத்துவிட்டால் வேறென்ன வேண்டும்?

பொறியியலாளர் வெடிப்பின் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சீமெந்தால் ஒட்டினார். சுவர் அசையாதிருப்பிற் கண்ணாடியும் அசையாது; மயிரிழை அசைந்தாலும் உடைந்துவிடும். குறிப்புப் புத்தகத்தில் 37ஆம் குறைக்கு எதிரே 2 என்று எழுதினோம். பதினெட்டாம் நாட் காலையிற் தேநீருக்கு நீர் வைக்கச் சென்ற எம் இல்லாள், கண்ணாடி உடைந்திருப்பதைக் கண்டு கூப்பிட்டாள். இரண்டை வெட்டி மூன்று என்று எழுதினோம்.

இவ்விடத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இலக்கத்தை மாற்றிய கை எமது மனத்தை மாற்றிவிடவில்லை. தரகர் வந்தார். வெடிப்பைப் பார்த்தார். “இதெல்லாம் மலைநாட்டில் எந்த வீட்டில் இல்லை? நன்றாகப் பூசி வர்ணமடியுங்கள்” என்றார். தை மாதத்தில் ஒரு வெயில் நாளிற் கொழும்பிலிருந்து ஒருவரை அழைத்துவந்தார். விருந்தினர் விடுதியாக்கும் எண்ணத்தோடு வந்த அவர், நாம் கேட்ட விலையைக் குறைக்கச் சொல்லவேயில்லை. முன்யன்னல்களை எல்லாந் திறந்து வைத்திருந்தோம். முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் நாம் நின்ற அதே முற்றத்தில், நாம் பார்த்த அதே மலைகளைப் பார்த்துக்கொண்டு அவர் நின்றார். “வீடு உறுதிதானே, மாஸ்டர்?” என்று வினவினார். “கருங்கல் அத்திவாரம்” என்றோம். சொன்னதிற் பொய்யில்லை. கேட்ட கேள்விக்கு அது விடையுமில்லை. பரீட்சைத் தாளில் ஒரு மாணவன் இவ்வாறு எழுதியிருந்தாற் சுழியமிட்டிருப்போம்.

அவர் சென்றபின் இரவு உணவின்போது இல்லாள் கேட்டாள்: “ஏன் நீங்கள் அந்தாளைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போகேல்லை?” அவ்வளவுதான் கேட்டாள். மறுமொழி வராததைக் கண்டு கோப்பைகளை எடுத்துக்கொண்டு அந்தக் குசினிக்கே சென்றாள். அன்றிரவும் மறுநாளிரவும் உறக்கம் வரவில்லை.

நடைமுறையில் எம்மைக் கேட்பார் எவருமில்லை என்பதையும் நன்கறிவோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணியை விற்பதாயின் நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டும். சுவரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அதற்கும் முந்திய தேசவழமை, காணி விற்பவன் உரித்தாளருக்கும் பங்காளிகளுக்கும் அயற்காணியை ஈடுபிடித்திருப்போர்க்கும் அறிவித்தே விற்றல் வேண்டும் என்றது. யாருக்குச் சொல்வது என்று விதித்ததேயன்றி, எதைச் சொல்வது என்று விதிக்கவில்லை. ஆயினும் எம் நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தில் இதற்கொரு பழைய வேர் உண்டென்று சட்டம் பயின்ற நண்பர் ஒருவர் எடுத்துரைத்தார். உரோமாபுரிச் சந்தைகளை மேற்பார்வை செய்த அதிகாரிகள், அடிமையையோ சுமை விலங்கையோ விற்பவன் அதன் நோயையும் குறையையும் வெளிப்படக் கூறல் வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தனராம். அவ்விதியே வளர்ந்து, பிற பொருளுக்கும் நிலத்துக்கும் வந்து சேர்ந்தது. உள்ளவாறே விற்கின்றேன் என்று உறுதியில் எழுதிக்கொண்டாலும், அறிந்த குறையை வேண்டுமென்றே மறைத்தவனை அவ்வாசகம் காப்பாற்றாது என்பது அச்சட்டத்தின் நிலை.

அந்நண்பர் கலிபோர்ணியாவில் நிகழ்ந்த ஒரு வழக்கையும் சொன்னார். 1976இல் அங்கே ஒரு வீடு 170,000 டொலருக்கு விற்கப்பட்டது. சரியாக இறுக்கப்படாத நிரப்பு மண்ணின்மேற் கட்டிய வீடு. விற்றவர்கள் குடியிருந்த காலத்திலேயே, 1973இலும் 1975இலும், மண் சரிந்திருக்கின்றது. அவர்கள் அதனைச் சொல்லவில்லை. தரகரின் ஆட்கள் சரிவில் விரித்திருந்த வலையையும், தளம் மட்டமின்றி இருந்ததையும் கண்டும் ஆராயவில்லை. வாங்கியவர் குடிபுகுந்த சிறிது காலத்துக்குள் நிலம் பெருமளவில் நகர்ந்தது. வீட்டின் பெறுமதி 20,000 டொலராக இறங்கிற்று. திருத்தும் செலவோ 213,000 டொலர் வரை மதிக்கப்பட்டது. 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தரகரும் கண்ணுக்குத் தெரிவதைப் பரிசோதித்து வாங்குபவருக்கு உரைக்கக் கடமைப்பட்டவர் எனத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே அது அம்மாநிலத்திற் சட்டமாயிற்று; விற்பவர் வீட்டின் நிலையை எழுத்திற் கொடுக்கும் முறையும் 1987 முதல் வந்தது. மண்சரிவைப் பற்றிய அவ்வழக்கைக் கேட்டபோது, அது எமது குசினியைப் பற்றியே பேசுவதுபோலிருந்தது.

கொழும்பு அன்பருக்கு 37 குறைகளையும் பிரதிசெய்து பதிவுத் தபாலில் அனுப்பினோம். மறுமொழி வரவில்லை. தரகரும் எம் வீதியில் வருவதை நிறுத்திக்கொண்டார்.

பின்னர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விண்ணப்பித்தோம். 1984ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்நிறுவனமே மலைநாட்டு மண்சரிவு அபாயத்தை வரைபடமாக்குவதும், வீடு கட்டுவோர்க்கு நிலத்தைப் பற்றிய அறிக்கை தருவதும். அதிகாரிகள் வந்து சரிவில் ஏறி இறங்கிப் பார்த்தனர். உடனே விட்டு வெளியேற வேண்டிய வீடு அன்று என்பதும், ஆயினும் சும்மா விடத்தக்கதும் அன்று என்பதும் அவர்கள் முடிபு. கூரைநீரைக் குழாய் மூலம் ஓடைக்குக் கொண்டுபோதல் வேண்டும். வடிதுளைகளைத் திறத்தல் வேண்டும். மேட்டின்மேல் வரும் நீரைத் திருப்புதல் வேண்டும். வீட்டின் பின்புறத்தில் யாரும் படுத்துறங்கலாகாது. மழையை அளப்பதற்கும் கணக்குச் சொன்னார்கள். இருபத்துநாலு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 ஆனால் ஆயத்தமாக வேண்டும். 150 ஆனாலோ, ஒரு மணி நேரத்தில் 75 பெய்தாலோ, வெளியேறிவிட வேண்டும். நேரான பக்கங்களுடைய ஒரு போத்தலும் அடிமட்டமும் இருந்தால் எவரும் அளக்கலாம்.

மாசி மாதத்தில் ஒரு தாயும் மகனும் வந்தனர். தாய் எம் வீட்டுக்கு மேலுள்ள தோட்டத்திற் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்றவர். மகன் கொழும்பிற் கடையொன்றில் வேலை. தாயின் சேமலாப நிதியும் மகனின் சேமிப்பும் சேர்ந்தது அவர்கள் கையிருப்பு. இவ்விடத்து நிலைமையை அறியாத வாசகர்க்கு ஒன்று சொல்வோம். தேயிலை வந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் லயத்தில் வாழ்பவர்க்கு லயம் சொந்தமன்று. 7 பேர்ச் காணியும் தனிவீடும் என்ற திட்டங்கள் அண்மைக் காலத்தவை. 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்தார். விற்பதற்கு ஒரு வீடு இருப்பதென்பதே பெரும்பேறு. தலைமுறை தலைமுறையாக அத்தேயிலை மலையில் உழைத்த குடும்பம், முதன்முதலாக மண் வாங்க வந்திருக்கின்றது. கொழும்பு அன்பர் ஏமாந்திருப்பின் ஒரு விருந்தினர் விடுதி போயிருக்கும். இவர்கள் ஏமாந்தாற் போவது யாது என்பதை எண்ணியபோது, தையில் நாம் சொன்ன விடை இன்னொருமுறை சுட்டது.

2014ஆம் ஆண்டு ஐப்பசியில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் மறைந்ததை மலைநாட்டார் மறவார். அவ்விடம் ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தது. பரிசோதனை நடந்தது, அறிக்கையும் இருந்தது, போவதற்கு வேறு வீடு இல்லை.

அம்மையாரை முன்விறாந்தைக்கு அழைத்தோம். “முன்பக்கம் பாக்கத் தேவையில்லீங்க ஐயா, நாப்பது வருசமா ரோட்டுல போறப்ப பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்” என்று சொல்லிவிட்டு நேரே குசினிப் பின்புறஞ் சென்றார். மகன் 37 குறைகளையும் ஒவ்வொன்றாக வாசித்தார். தாய் தலையசைத்துக்கொண்டே கேட்டார். மேட்டு நீரைத் திருப்புதல் வேண்டும் என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தினார்.

“அங்க ஒரு கான் இருக்குங்க. எங்கப்பா செட்டுத்தான் வெட்டுனாங்க. மலைத்தண்ணி பூராவும் அதுலதான் ஓடைக்குப் போகும். இப்ப மரக்கறித் தோட்டம் போட்டு மூடிட்டாங்க. ஒங்க வீட்டுப் பின்னால ஊத்து எடுக்குதுன்னு லயத்துல எல்லாருக்கும் தெரியும்.”

எமக்கு மட்டும் தெரியாதிருந்தது. முப்பத்தேழு ஆண்டுகள் அயலில் வாழ்ந்தும், அவர்கள் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்தும், எம் வீட்டின் பின்னாலுள்ள மலையைப் பற்றி லயத்தில் ஒருவரையும் நாம் ஒன்றும் வினவியதில்லை.

அவர் முன்னே செல்ல, நாம் ஊன்றுகோலோடு பின்னே ஏறினோம். லீக்ஸ் பாத்திகளுக்கிடையில், புல் மூடி, மண் நிரம்பி, கானின் தடம் இருந்தது. மரக்கறி பயிரிட்டவரோடு பேசி, பாத்தி இழப்புக்குப் பணம் கொடுத்து, பங்குனியிற் கானை மீண்டும் வெட்டுவித்தோம். வெட்டியவர்கள் அம்மையாரின் உறவினர், செலவு எமது. வடிதுளைகளின் அடைப்பைப் பாஸ் உடைத்தபோது, மழை பெய்யாத அம்மாதத்திலும் ஒரு துளையிலிருந்து நாலு நாள் நீர் வடிந்தது. கேட்ட விலையில் ஐந்திலொரு பங்கைக் குறைத்தோம். மகன் இன்னுஞ் சிறிது குறைக்கக் கேட்டார். அதற்கு நாம் இசையவில்லை. எம்மைத் தருமவான் என்று எவரும் எண்ண வேண்டா.

2025ஆம் ஆண்டு ஆனியில் உறுதி எழுதப்பட்டது. 37 குறைகளும், நிறுவனத்தின் அறிக்கையும், திருத்தியவை இவை, திருத்தாதவை இவை என்ற குறிப்பும் அடங்கிய கடதாசிகளில் இரு பகுதியாரும் கையொப்பமிட்டோம். அம்மையார் ஆறுதலாக, எழுத்தெழுத்தாகத் தம் பெயரை எழுதினார். தம் தொழில் வாழ்வில் இவ்வாறானதொரு கடதாசியைத் தாம் கண்டதில்லை என்று நொத்தாரிசு சொன்னார். மழை அளக்கும் போத்தலையும் அடிமட்டத்தையும் கையளித்துவிட்டுக் கொழும்புக்கு வந்தோம்.

அவ்வாண்டு கார்த்திகையில் டித்வா புயல் வந்தது. நவம்பர் 28ஆம் திகதி கிழக்குக் கரையிற் புகுந்த அப்புயலாலும் அதனோடு வந்த மழையாலும் நாட்டில் 600 பேருக்கு மேல் இறந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. நாம் நாள்முழுதும் அம்மையாரின் இலக்கத்தை அழைத்துக்கொண்டிருந்தோம். வடிதுளை போதுமா, கானை இன்னும் ஆழமாக வெட்டுவித்திருக்கலாமோ, ஐந்திலொரு பங்கு என்ன கணக்கு, விற்றதே பிழையோ என்று மனம் எதையெதையோ கூட்டிக் கழித்தது. இல்லாள் சுவாமி அறையை விட்டு வெளியே வரவில்லை.

ஏழாம் நாள் அழைப்பு வந்தது. “சேர், அம்மாவும் நாங்களும் ஸ்கூல்ல இருக்கோம். போத்தல் நெறஞ்சிருச்சு, நூத்தம்பதுக்கு முன்னாடியே அம்மா எழுப்பிக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. வீடு நிக்குது. குசினி மட்டும் போயிருச்சு.” கான் பெருமளவு நீரை ஓடைக்குக் கொண்டுபோயிருக்கின்றது, கற்கட்டின் வயிறு தள்ளிய பகுதி மட்டும் குசினிமேல் விழுந்திருக்கின்றது. நட்டத்துக்காக எம்மிடம் ஒன்றுங் கேட்கவில்லை. நாம் குசினியின் பெறுமதியைக் கணக்கிட்டு ஒரு தொகை அனுப்பினோம். “அதுதான் ஏற்கெனவே கொறச்சாச்சே” என்று திருப்பியனுப்பிவிட்டார்கள்.

மீண்டும் அதிகாரிகள் வந்து பார்த்து, பின்புறத்தில் எதுவுங் கட்டலாகாது, முன்புறத்திற் கட்டலாம் என்று சொல்லியிருக்கின்றனர். சென்ற மாதம் மகன் பேசியபோது, பிரதேச சபைக்குக் கொடுப்பதற்கு அளவைப் படத்தின் தெளிவான பிரதியொன்று வேண்டுமென்றார். 1987ஆம் ஆண்டுப் படம் எம் பெட்டியில் இருந்தது. அனுப்பிவைத்தோம்.